பின்காற்றில் விழும் மாடல் ஜெட்: பழி காற்றின் மேலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆனி, ஆடி மாதங்களில் ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானம் ஒன்று வயலிலோ ஏரிக்கரையிலோ விழுந்துவிட்டால், ‘பலத்த காற்றால் நிலைதடுமாறி விழுந்தது’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. நிருபரைக் குறை சொல்ல வரவில்லை. பறக்கவிட்டவர் சொன்னதைத்தான் அவர் எழுதுகிறார். பறக்கவிட்டவரே அப்படி நம்புகிறார் என்பதுதான் சிக்கல். தெர்மாக்கோல் விமானத்தில் கைபழகியவர்கள் இதே நம்பிக்கையோடு இ.டி.எஃப். எனப்படும் மின்விசிறி ஜெட்டுக்கும், பிறகு மண்ணெண்ணெய் டர்பைன் ஜெட்டுக்கும் போனால், நஷ்டம் ஆயிரங்களில் நிற்காது.

சீராக வீசும் காற்று எந்த விமானத்தையும் கவிழ்க்காது. லத்தேரியில் நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே டீ விற்பவர் இன்ஜின் பக்கம் நடந்தாலும், திரும்பிக் கடைசிப் பெட்டிப் பக்கம் நடந்தாலும், அவர் காலுக்கு ஒரே வேகம்தான். பிளாட்பாரத்தில் நிற்பவர் கண்ணுக்கு மட்டும் அவர் ஒருமுறை ரயிலைவிட வேகமாகவும் மறுமுறை மெதுவாகவும் போகிறார். காற்று அந்த ரயில், ஜெட் அந்த டீக்காரர். டிரான்ஸ்மிட்டரைப் பிடித்துக்கொண்டு தரையில் நிற்பவர் பிளாட்பாரத்து ஆள். இறக்கைக்குத் தெரிவது ஏர்ஸ்பீடு, அதாவது சுற்றியுள்ள காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் வேகம். நம் கண்ணுக்குத் தெரிவது தரைவேகம். காற்றே இல்லாத விடியற்காலையில்தான் இரண்டும் ஒன்று.

கணக்காகப் பார்க்கலாம். எரிபொருளோடு 14 கிலோ எடை, 0.8 சதுர மீட்டர் இறக்கைப் பரப்பு உள்ள ஒரு டர்பைன் ஜெட். ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் மடிப்பு) இறக்காமல், இறக்கையின் உச்ச ஏற்றக் கெழு, அதாவது அதன் தூக்கும் திறனைக் காட்டும் எண், 1 என்று வைத்தால், நேராகப் பறக்கும்போது அதன் ஸ்டால் வேகம், அதாவது இதற்குக் கீழே போனால் இறக்கையால் தூக்க முடியாத வேகம், மணிக்கு 61 கி.மீ. இதை 80 கி.மீ. ஏர்ஸ்பீடில் சுற்றவிடுகிறார் ஒருவர். காற்று 25. எதிர்காற்றில் போகும்போது அவர் கண்ணுக்குத் தெரிவது 55, ஆகாயத்தில் தொங்குகிற மாதிரி இருக்கும். திரும்பிப் பின்காற்றில் வரும்போது தெரிவது 105. ‘ரொம்பப் பாய்கிறதே’ என்று த்ராட்டிலை (இன்ஜின் விசையை) குறைக்கிறார். கண்ணுக்குப் பழகிய 80 வரட்டும் என்று காத்திருக்கிறார். அது வராது. தரைவேகம் 86-க்கு இறங்கும்போதே ஏர்ஸ்பீடு 61-க்கு வந்து, இறக்கை தூக்குவதை விட்டுவிடும். பார்ப்பவர்களுக்கோ, நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்த விமானத்தைக் காற்று அப்படியே புரட்டிப் போட்டதாகத் தோன்றும்.

ஸ்டால் என்றால், பைக் ஓட்டிப் பழகிய நமக்கு இன்ஜின் ஆஃப் ஆவதுதான் நினைவுக்கு வரும். இங்கே அது இறக்கையின் சங்கதி. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால் (பல இறக்கைகளுக்கு 12 முதல் 16 டிகிரிக்குள்) மேற்பரப்பில் ஒட்டி ஓடும் காற்று பிய்த்துக்கொண்டு விலகும், தூக்குவிசை சரியும். அந்தக் கோணத்தை முடிவு செய்வது, மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் (வால் மடிப்பு) ஸ்டிக். ஆகவே 61 என்பது நேராகப் பறப்பதற்கான எண் மட்டுமே. 120-ல் போகும்போதும் ஸ்டிக்கை வெடுக்கென்று இழுத்தால் ஸ்டால் ஆகும். அது தெரியாமல் ‘வேகம் இருந்ததே, எப்படி விழுந்தது?’ என்று கேட்பவர்கள் நிறைய.

திருப்பத்தில் இந்த எண் ஏறும். உயரம் குறையாமல் 30 டிகிரி சாய்த்துத் திருப்பினால் 61 என்பது 66 ஆகும். 45 டிகிரியில் இறக்கை சுமக்கும் பாரம் 1.41 மடங்கு, ஸ்டால் வேகம் 73. 60 டிகிரியில் பாரம் இரு மடங்கு, ஸ்டால் வேகம் 86. பல ஜெட்கள் விழும் இடம், பின்காற்று ஓட்டம் முடிந்து தரையிறங்கத் திரும்பும் அந்த அரைவட்டம். 80 கி.மீ. வேகத்தில் 45 டிகிரி சாய்வில் அரைவட்டம் அடிக்க 7 விநாடி ஆகும். காற்று இல்லாவிட்டால் அது 50 மீட்டர் ஆரத்தில் அழகான அரைவட்டம். 25 கி.மீ. காற்றில் அந்த 7 விநாடிக்குள் ஜெட் ஏறக்குறைய 50 மீட்டர் காற்றோடு தள்ளிப் போயிருக்கும். கீழே நிற்பவருக்கு, ‘திரும்பவே மாட்டேன் என்கிறதே, ஓடுபாதையை விட்டு விலகுகிறதே’ என்று பதற்றம். ஏலரானில் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடிப்பு) இன்னும் சாய்க்கிறார், எலிவேட்டரை இன்னும் இழுக்கிறார். சாய்வு 60-ஐத் தொடும்போது இறக்கை கேட்பது 86, கையில் இருப்பது 80. பின்னோக்கிச் சரிந்த இறக்கை உள்ள ஜெட்டில் பெரும்பாலும் முதலில் விடுவது இறக்கை நுனி. ஒரு பக்க நுனி சட்டென்று தொப்பென விழும், ஜெட் மல்லாந்துவிடும். 20 மீட்டர் உயரத்தில் அதற்கு மருந்து இல்லை.

இதற்குத் தீர்வு காற்று இல்லாத நாளுக்குக் காத்திருப்பதல்ல. காற்று 25 என்றால் திருப்பத்தை வழக்கத்தைவிட முன்னதாகவே தொடங்க வேண்டும்; 30 டிகிரி சாய்வில் அரைவட்டத்துக்கு 12 விநாடி ஆவதால், சுமார் 85 மீட்டர் முன்னதாக. சாய்வு 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, அதற்கேற்பச் சுற்றை அகலமாக வைக்க வேண்டும். ஓடுபாதையின் நேர்கோடு தவறிவிட்டால் இழுத்துப் பிடிக்காமல் த்ராட்டிலைக் கொடுத்து இன்னொரு சுற்று போய்விட வேண்டும். அதற்கு எரிபொருள் மிச்சம் வைப்பதும் கணக்கில் சேர்ந்ததே.

புரொப்பெல்லர் விமானத்தில் பழகியவர்கள் ஜெட்டில் ஏமாறுவதற்கு வேறு காரணம் உண்டு. மூக்கில் சுழலும் புரொப்பெல்லர் இறக்கையின் நடுப்பகுதி மேலும் வால் மேலும் காற்றை வீசும். த்ராட்டிலைத் தள்ளிய கணமே அந்தக் காற்று கைகொடுக்கும். ஜெட்டில் அந்தச் சலுகை கிடையாது. மின்விசிறி ஜெட்டாவது உடனே விசை தரும். டர்பைன் ஐடிலிலிருந்து (மிகக் குறைந்த சுழற்சியிலிருந்து) முழு வேகத்துக்கு ஏற 4 விநாடி போல எடுத்துக்கொள்ளும். மணிக்கு 73 கி.மீ.யில் 4 விநாடி என்றால் 80 மீட்டர் போயிருக்கும். எனவே இறங்கும்போது டர்பைனை ஐடிலுக்கு விடாதீர்கள். ஃபிளாப், சக்கரம், ஏர்பிரேக் எல்லாம் இறக்கி இழுவையைக் கூட்டி, டர்பைன் சற்று ஏறிய சுழற்சியிலேயே இருக்கும்படி வருவதுதான் பாதுகாப்பு.

அப்படியானால் காற்றால் ஆபத்தே இல்லையா? உண்டு. ஆனால் அது காற்றின் வேகத்தில் அல்ல, அந்த வேகம் மாறுவதில். கனமான ஜெட் தன் வேகத்தைச் சட்டென்று மாற்றிக்கொள்ளாது. 25 கி.மீ. எதிர்காற்று திடீரென்று 10-க்கு விழுந்தால், ஏர்ஸ்பீடில் 15 அந்தக் கணமே காணாமல் போகும். தரையை நெருங்கும்போது இது தவறாமல் நடக்கும், ஏனென்றால் மர உச்சியில் வீசும் காற்று முழங்கால் உயரத்தில் வீசுவதில்லை. விட்டுவிட்டு வீசும் காற்றுக்கு முழு அளவு விமானங்களில் உள்ள வழக்கமே இங்கும் பொருந்தும். ஃபிளாப் முழுதாக இறங்கிக் கெழு 1.4 ஆனால், நம் ஜெட்டின் ஸ்டால் வேகம் சுமார் 52. அதில் 1.3 மடங்கு 67. காற்று 25, திடீர் வீச்சு 37 வரை என்றால் இடைவெளியில் பாதி, அதாவது 6 கி.மீ. கூட்டி 73-ல் இறங்கி வர வேண்டும். அனிமோமீட்டர் (காற்றுவேகமானி) இல்லாதவர்கள் மரத்தைப் பார்க்கலாம். வேம்பின் சிறு கிளைகள் ஆடி, புழுதியும் காகிதமும் எழும்பினால் 20 முதல் 28 கி.மீ. சிறு மரங்களே அசைந்தால் அதற்கும் மேல், வீச்சும் கூடவே இருக்கும்.

வேலூர்ப் பக்கத்துக்கு என்று ஒரு தொல்லையும் உண்டு. நம்மைச் சுற்றி மொட்டைப் பாறைக் குன்றுகள். தென்மேற்குப் பருவத்தில் குன்றின் கிழக்கு, வடகிழக்கு அடிவாரத்தில் பறக்கவிட்டால், குன்றைத் தாண்டி விழும் காற்று அங்கே உருண்டு புரளும். குன்றின் உயரத்தைப்போலப் பல மடங்கு தூரத்துக்கு அந்தக் கலக்கம் நீளும். பார்க்க மைதானம் அமைதியாக இருக்கும், 30 மீட்டர் உயரத்தில் ஜெட் மட்டும் குலுங்கும். பாலாற்று மணற்பரப்பை ஒட்டிய திறந்தவெளி இந்த வகையில் எவ்வளவோ மேல். கோடையில் காலை ஒன்பதுக்கு மேல் பாறைச் சூடும் மாலை இடிமழைக்கு முன் பாயும் காற்றும் சேர்ந்துகொள்ளும். கத்திரி வெயிலில் 40 டிகிரியில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோவிலிருந்து 1.1-க்கு இறங்குவதால், 61 என்ற ஸ்டால் வேகம் 64 ஆகும். டர்பைனின் உந்துவிசையும் குறையும், ஓடுபாதை கூடுதலாகத் தேவைப்படும்.

உங்கள் ஜெட்டின் எண் என்ன என்பதைக் கணக்கில் மட்டும் நம்ப வேண்டாம், பறந்தே கண்டுபிடியுங்கள். 100 மீட்டர் உயரத்தில் காற்றை எதிர்த்து நேராக, த்ராட்டிலைச் சிறிது சிறிதாகக் குறைத்து, உயரம் குறையாமல் ஸ்டிக்கை மெல்ல இழுத்துக்கொண்டே போக வேண்டும். மூக்கு தூக்கியபடி ஜெட் அமுங்கத் தொடங்கும், இறக்கை இப்படியும் அப்படியும் ஆடும். அந்தக் கணத்தின் ஏர்ஸ்பீடைக் குறித்துக்கொள்ளுங்கள். சக்கரமும் ஃபிளாப்பும் இறக்கி மூன்று முறை, இறக்காமல் மூன்று முறை. ஏர்ஸ்பீடை அளக்கும் பிட்டோ குழாய் இல்லாமல் ஜி.பி.எஸ். மட்டும் இருந்தால், அது காட்டுவது தரைவேகம் என்பதை மறக்கக் கூடாது. ஒரே த்ராட்டிலில் எதிர்காற்றில் ஒருமுறை, பின்காற்றில் ஒருமுறை நேர்கோட்டில் பறந்து சராசரி எடுத்தால் ஏர்ஸ்பீடு கிடைக்கும்: 55-ம் 105-ம் சேர்ந்து பாதி 80.

பிட்டோ பொருத்துவதில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். மணிக்கு 72 கி.மீ.யில் அது உணரும் அழுத்தம் வெறும் 25 மில்லிமீட்டர் நீர்மட்டம் அளவு. சிலிக்கோன் குழாய் ஓர் இணைப்பில் கசிந்தாலே எண் பொய்யாகிவிடும். குழாயின் வாய் மூக்கு நுனியிலோ இறக்கையின் முன்விளிம்பிலோ சில சென்டிமீட்டர் முன்னால் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உடம்போடு ஒட்டியிருந்தால் குறைத்துக் காட்டும். விமானத்திலுள்ள ரிசீவருக்கு மின்சாரம் கொடுக்கும்போது சென்சார் அந்த நேர அழுத்தத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். ஆகவே குழாயின் வாயில் காற்று அடிக்காதபடி மூடியைப் போட்டுவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும், பிறகு கழற்ற வேண்டும். வீட்டில் வைக்கும்போதும் அந்த மூடி இருக்கட்டும், குளவி மண் வைத்து அடைத்துவிடும்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. 3 லிட்டர் மண்ணெண்ணெய் 2.4 கிலோ. அது தீர்ந்தபின் 61 என்பது சுமார் 56-க்கு இறங்கும். ஏறிய உடனே ஏதோ கோளாறு என்று திரும்பி இறங்குபவருக்கு அந்தச் சலுகை இல்லை. ஈர்ப்புமையத்தை முக்கியத் தொட்டிகள் காலியாக, சக்கரம் இறங்கியும் ஏறியும் இரு நிலையிலும் பாருங்கள். மையம் பின்னால் போனால் ஸ்டால் எச்சரிக்கையின்றி வரும், மீள்வதும் கடினம்.

ஸ்டால் ஆகிவிட்டால் முதலில் செய்ய வேண்டியது எலிவேட்டரை விடுவது. மூக்கு தரையைப் பார்க்கும்போது ஸ்டிக்கை முன்னால் தள்ள மனசு வராது. அங்கேதான் பழக்கம் வேண்டும். கூடவே முழு த்ராட்டில். விழும் இறக்கையை ஏலரானால் தூக்க முயலாதீர்கள். அந்தப் பக்க ஏலரான் கீழிறங்குவதால் நுனியின் கோணம் இன்னும் கூடும். ரடரால் (வாலின் சுக்கானால்) நிறுத்தி, வேகம் வந்தபின் மெதுவாக இழுங்கள்.

மாடல் விமானப் போட்டி நடத்தும் கல்லூரிகள் மைதானத்தில் காற்றின் திசை காட்டும் ஒரு காற்றுப்பையும், டிரான்ஸ்மிட்டரில் ஸ்டால் வேகத்தின் 1.2 மடங்கில் அலறும் டெலிமெட்ரி அலாரமும் (விமானம் அனுப்பும் அளவீட்டைப் பார்த்து எச்சரிப்பது) கட்டாயம் என்று வைக்கலாம். அரக்கோணத்தில் கடற்படை விமானதளம், அப்துல்லாபுரத்தில் வேலூர் விமான நிலையம் இருப்பதால், 2021 ட்ரோன் விதிகளின்கீழ் உள்ள டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் இடத்தின் நிறத்தை (பறக்கவிட அனுமதி எப்படி என்பதைக் காட்டுவது) பார்த்துவிட்டே மைதானம் தேட வேண்டும். நிருபர்களிடம் எங்கள் வேண்டுகோள் இவ்வளவுதான்: அடுத்த முறை ஒரு மாடல் ஜெட் விழுந்தால், காற்று எவ்வளவு என்பதோடு, எந்தத் திருப்பத்தில் விழுந்தது, விழும் முன் த்ராட்டில் எங்கே இருந்தது என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
மாதிரி விமானம் பறக்கவிடுவோர் சிலர்,
வேலூர்.