சுகர் ஏறிவிட்டது என்று ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிவிடாதே

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா சுகருக்குக் காலையில் கிளிமிபிரைடு மாத்திரை, இரவில் கிளார்ஜின் இன்சுலின் எடுக்கிறார், சிறுநீரகமும் கொஞ்சம் பழுது, சுகர் இறங்கினால் வீட்டிலேயே பார்ப்பதா, ஆஸ்பத்திரிக்கு ஓடுவதா என்று கேட்டிருந்தாய். முதலுதவி வீட்டில்தான். ஆனால் அப்பா விஷயத்தில் அதோடு வேலை முடியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மீட்டரில் 70-க்குக் கீழே வந்தாலே லோ சுகர். 54-க்குக் கீழே போனால் மூளை தடுமாற ஆரம்பித்துவிடும். முதலில் கை நடுக்கம், படபடப்பு, பசி, குளிர்ந்த வியர்வை. அடுத்து பேச்சு குழறும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் வரும், ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுவார். பிரஷருக்கு புரோப்ரனலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போகலாம், வியர்வை மட்டும் மிஞ்சும். சிலருக்கு ஒரு பக்கக் கை கால் வராமல் பக்கவாதம் போலவே இருக்கும். எதுவானாலும் முதலில் சுகரைப் பார். குத்துவதற்கு முன் விரலைத் தண்ணீரில் கழுவித் துடை. பழச்சாறு ஒட்டிய விரலில் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். மீட்டர் கைக்கு எட்டவில்லையா, தேடிக்கொண்டிருக்காதே, இனிப்பைக் கொடு.

நினைவு தெளிவாக இருந்து விழுங்கவும் முடிந்தால் 15 கிராம் சர்க்கரை போதும்: 4 கிராம் குளுக்கோஸ் மாத்திரை என்றால் 4, சாதாரணச் சர்க்கரை என்றால் தண்ணீரில் கரைத்து 3 டீஸ்பூன், பழச்சாறு என்றால் 150 மி.லி. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அகார்போஸ், வோக்லிபோஸ் என்ற சுகர் மாத்திரைகளை எடுப்பவருக்குச் சாதாரணச் சர்க்கரையும் மெதுவாகத்தான் ஏறும். அவர்களுக்குக் குளுக்கோஸே வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார். 70-ஐத் தாண்டவில்லை என்றால் இன்னொரு 15 கிராம். தாண்டியதும் வயிற்றுக்கு ஏதாவது சாப்பிடக் கொடு.

நினைவு தப்பினாலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதுவும் ஊற்றாதே. சர்க்கரைத் தண்ணீர் நுரையீரலுக்குள் போனால் அது தனி ஆபத்து. ஒருக்களித்துப் படுக்கவை, ஆம்புலன்ஸைக் கூப்பிடு. வீட்டில் குளூக்ககான் ஊசி இருந்து, போடவும் கற்றிருந்தால் பெரியவர்களுக்கு 1 மி.கி. தொடையில் போடலாம். விழிக்க 10, 15 நிமிடம் ஆகும், வாந்தியும் வரலாம், அதனால் ஒருக்களித்தே இருக்கட்டும். கல்லீரலில் சேர்ந்திருக்கும் சர்க்கரையை வெளியே தள்ளுவதுதான் அந்த ஊசியின் வேலை. குடித்திருந்தாலோ, ரொம்ப நேரம் பட்டினி கிடந்திருந்தாலோ அங்கே சரக்கு இருக்காது, ஊசியும் சரியாக வேலை செய்யாது.

அவசரப் பிரிவில் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். 25 கிராம் போக வேண்டுமென்றால் 25 சதவீதக் கரைசலில் 100 மி.லி., 10 சதவீதத்தில் 250 மி.லி. கரைசல் கெட்டியாக இருந்து ஊசி நரம்பை விட்டு விலகினால் சுற்றியுள்ள சதையே புண்ணாகிவிடும். ஊசி இருக்கும் இடம் எரிகிறது என்று அப்பா சொன்னாலோ, வீங்கி வந்தாலோ உடனே நர்ஸைக் கூப்பிடு. பெரும்பாலும் சில நிமிடங்களில் கண் திறந்து பேசுவார். சுகர் ஏறியும் மந்தமாகவே இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும். விழுந்தபோது தலையில் அடிபட்டதா என்பதையும் மறக்காமல் சொல்.

எழுந்து உட்கார்ந்து பேசும் அந்த நேரம்தான் பலர் ஏமாறும் நேரம். "நல்லா ஆயிட்டேன், வீட்டுக்குப் போலாம்" என்பார். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. சிறுநீரகம் பழுதானவர் உடம்பில் அது வெளியேறாமல் தங்கும். போதாக்குறைக்கு, ஏற்றிய குளுக்கோஸே கணையத்தை இன்னும் சுரக்கச் சொல்லும். ஏறிய சுகர் சில மணி நேரத்தில் மறுபடி சரியும். அது தூக்கத்தில் நடந்தால் யாருக்கும் தெரியாது. கிளார்ஜினும் ஏறக்குறைய 24 மணி நேரம் வேலை செய்துகொண்டிருக்கும். அதனால் இப்படிப்பட்டவரை ஒரு நாளாவது வைத்துப் பார்ப்பார்கள்; திரும்பத் திரும்ப இறங்கினால் இன்சுலின் சுரப்பதை அடக்கும் ஆக்ட்ரியோடைடு ஊசி போடுவதும் உண்டு. மருத்துவர் இருக்கச் சொன்னால் மறுபேச்சு வேண்டாம். வீட்டில் இனிப்பு கொடுத்தே சரியானாலும், கிளிமிபிரைடு எடுப்பவர் என்பதால் அன்றே மருத்துவரிடம் பேசு. இரண்டு மூன்று முறை கொடுத்தும் ஏறவில்லை, வாந்தியில் எதுவும் தங்கவில்லை, மாத்திரையோ இன்சுலினோ கூடுதலாகப் போய்விட்டது என்றால் நேராக ஆஸ்பத்திரிதான்.

போகும்போது மாத்திரை அட்டைகள், இன்சுலின் பேனா, மீட்டர் மூன்றையும் எடுத்துக்கொள். கடைசியாக எத்தனை யூனிட் போட்டார், எப்போது சாப்பிட்டார், புதிதாக ஏதாவது ஆன்டிபயாடிக் தொடங்கினாரா என்பதைச் சொல். சிப்ரோஃப்ளாக்சசின், கோட்ரைமாக்சசோல் போன்றவை கிளிமிபிரைடோடு சேர்ந்தால் சுகரை இறக்கக்கூடும்.

டிஸ்சார்ஜுக்கு முன், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவைக் கேட்டு வாங்கு. இந்தச் சிறுநீரகத்துக்கு இந்த மாத்திரை இனி வேண்டுமா, இன்று இரவு எத்தனை யூனிட் என்று கேட்டு எழுதி வாங்கு. பயந்துபோய் நீயாக இன்சுலினை நிறுத்திவிடாதே.

அன்புடன்,
அண்ணன்