வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் நம் ஊரான சுங்கை சிப்புட்டில் நம் வட்டத்தின் பொங்கல் சந்திப்பு, மாதாந்திர வாசிப்பு, தமிழ்ப்பள்ளிக்கு அகராதி வழங்கியது எல்லாம் வழக்கம்போல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வைப்பார். நான் விரிவாகச் சொல்ல விரும்புவது கோயில் மண்டப வாசலில் உள்ள கரும்பலகையைப் பற்றி.

விடியுமுன் ஓர் உறுப்பினர் அதில் ஒரு வரி எழுதிவிடுவார். செம்பனைத் தோட்டத்து லாரிக்குக் காத்திருப்பவர்கள், பள்ளிப் பிள்ளைகள், பசியாறப் போகிறவர்கள் எல்லாரும் நின்று படிக்கிறார்கள். சொன்னவர் பெயரும் பாட்டு எண்ணும் இல்லாமல் எதையும் எழுதுவதில்லை. வாட்ஸ்அப்பில் அப்துல் கலாம் பெயரிலும் புத்தர் பெயரிலும் என்னென்னவோ சுற்றுகிறது; அது நமக்கு வேண்டாம்.

பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். நேரத்தில் 'தெய்வத்தான் ஆகா தெனினும்' என்ற 619ஆம் குறளை எழுதினோம். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் டயாலிசிஸ் வேனுக்காக அங்கே உட்காரும் ஒரு பெரியவர், "எல்லாம் சரியாயிடும்னே எழுதுறீங்களே தம்பி, வலியில கெடந்தவன் சொன்னது ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார்.

மறுநாள் 'கூற்றாயின வாறு விலக்க கிலீர்' என்று எழுதினோம். நான்காம் திருமுறையின் முதல் பாட்டு. சூலை நோயோடு திருவதிகைக்கு வந்த அப்பர், எமனைப் போல் வந்த இந்த வலியை விலக்க மாட்டீரா, என்னால் தாங்க முடியவில்லை என்று இறைவனிடமே முறையிடுகிறார். காலையிலேயே எமன் பேச்சா என்று செயலவையில் சிலர் தயங்கினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பெரியவர் வேன் ஹார்ன் அடிக்கும் வரை பலகை முன்னால் நின்று, உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவருக்காகவே அந்தப் பதிகத்தின் பத்துப் பாட்டையும் ஒவ்வொன்றாக எழுதினோம். பட்டவன் சொல்தான் பட்டவனுக்குத் தெம்பு தருகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒரு சகோதரி 23ஆம் சங்கீதத்திலிருந்து 'நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும் பொல்லாப்புக்குப் பயப்படேன்' என்ற வரியை எழுதினார். அன்றும் பெரியவர் வெகுநேரம் நின்றார்.

ஒருவர் வாய்ச்சொல்லை நம்பி நிமிர்ந்தது நம் ஊருக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், இங்கே பிறந்த, அப்போது ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவராக இருந்த துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், ஆளுக்குப் பத்து வெள்ளி போடுங்கள், நாமே தோட்டம் வாங்கலாம் என்றார். அப்படித்தான் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கைகளுக்குப் பத்து வெள்ளி சின்னக் காசா? சொன்னவர் நம்மூர்ப் பிள்ளை என்பதால்தான் துணிந்து போட்டார்கள் என்கிறார்கள் மூத்த உறுப்பினர்கள்.

சாரல் அடித்தால் எழுத்து கரைந்துவிடுகிறது. பலகைக்கு மேல் ஒரு தகரக்கூரை போட ஒப்புதல் வேண்டும். வெள்ளிக்கிழமை எழுத ஆள் இல்லை. இளையோர் யாராவது கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்