306-இல் தொடங்கும் அயோவா

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. தம்பிக்கு அயோவா மாநிலத்து ஏம்ஸில் எம்.எஸ். சீட் கிடைத்ததை வாட்ஸ்ஆப்பில் ஒரு வரியில் தட்டிவிட்டுப் போகாமல் நாலு பக்கம் எழுதி அனுப்பினாய் பார், அதற்காகவே நானும் உட்கார்ந்து எழுதுகிறேன். தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்ததில் சந்தோஷம். உங்கள் தெருவில் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளம் இன்னும் மூடவில்லை என்பதைப் படித்துவிட்டு வீட்டில் ஒரே சிரிப்பு. போன தடவை நாங்கள் வந்தபோதே அது பழைய பள்ளம்.

சிகாகோ ஓஹேர் ஏர்போர்ட்டில் இறங்கினால் ஏம்ஸ் எவ்வளவு தூரம், வழியில் பார்க்க என்ன இருக்கிறது, இல்லை டெமாயினுக்கு இன்னொரு பிளேன் பிடிக்கவா என்று கேட்டிருந்தாய். பிளேன் வேண்டாம். நான் ஏர்போர்ட்டுக்கு வந்துவிடுகிறேன், காரிலேயே போவோம். சுமார் 550 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கோவில்பட்டி போகிற தூரம் என்று வைத்துக்கொள். ஐந்தரை, ஆறு மணி நேரம். மகள் அங்கே சேர்ந்ததிலிருந்து எனக்கு இந்த ரோடு மனப்பாடம்.

பார்க்க என்ன இருக்கிறது என்றால், ஆகஸ்டில் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும், பக்கத்திலேயே சோயா. பறித்துச் சுட்டுத் தின்னலாம் என்று நினைக்காதே. பெரும்பாலும் மாட்டுக்கும் பன்றிக்கும் எத்தனாலுக்கும் போகிற சோளம் அது. காற்று திரும்பினால் பன்றிப் பண்ணை வாடை அடிக்கும், கண்ணாடியை ஏற்றிவிடலாம். மற்றபடி இது வேடிக்கை பார்க்கிற ரோடு இல்லை, படிக்கிற ரோடு. அலுப்பாக இருக்கிறது என்று சொல்கிறவர்கள் பலகைகளைப் படிக்காதவர்கள் என்பது என் கட்சி.

உனக்குக் கணக்கு பிடிக்கும், அதனால் எண்ணிலிருந்து ஆரம்பிக்கிறேன். இன்டர்ஸ்டேட் என்கிற, மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் பெரிய ரோடுகளில் இரட்டைப்படை எண் என்றால் கிழக்கு-மேற்கு ரோடு, ஒற்றைப்படை என்றால் வடக்கு-தெற்கு. தெற்கே 10-இல் ஆரம்பித்து வடக்கே போகப்போக 90, 94 என்று ஏறும். மேற்குக் கடற்கரையில் 5, கிழக்குக் கடற்கரையில் 95. நம் ஊரில் 2010-இல் எண்களை எல்லாம் மாற்றினார்களே, உன் வீட்டுப் பக்கம் ஓடுகிற 7 கூட 44 ஆனதே, அந்தக் கணக்கு இதற்கு நேர் எதிர். அங்கே வடக்கு-தெற்குதான் இரட்டைப்படை, அதுவும் கிழக்கிலிருந்து மேற்காக ஏறும். ஸ்டியரிங் பக்கம் மாறியது போதாதென்று இதுவும் மாறிக் கிடக்கிறது. மூன்று இலக்கம் வந்தால் முதல் இலக்கத்தைப் பார். இரட்டைப்படை என்றால் பெரும்பாலும் ஊரைச் சுற்றியோ ஊருக்குள் புகுந்தோ மறுபடி பெரிய ரோட்டைப் பிடித்துவிடும். ஒற்றைப்படை என்றால் பிரிந்து போனது போனதுதான். ஓஹேரிலிருந்து நாம் ஏறப்போகும் 294 சிகாகோவைச் சுற்றி ஓடுவது. அயோவா சிட்டிக்குப் பக்கத்தில் பிரிகிற 380 சீடர் ராப்பிட்ஸ் பக்கம் போய்விடும், அதில் தெரியாமல் ஏறிவிடக் கூடாது.

294-லிருந்து 88 பிடித்து மேற்கே போவோம். இல்லினாயில் இதற்கு டோல் உண்டு, ஆனால் நம் ஊர் மாதிரி நின்று கட்ட வேண்டியதில்லை. வழியில் டிகால்ப் வரும். முள்கம்பிக்கு 1874-இல் காப்புரிமை வாங்கிய கிளிடன் இந்த ஊர்க்காரர்தான். இங்கே செய்த கம்பிதான் மேற்கே பரந்த மேய்ச்சல் நிலம் முழுக்க வேலியாகப் போனது. அப்புறம் டிக்ஸன், ஜனாதிபதியாக இருந்த ரீகன் சிறுவனாக வளர்ந்த ஊர். இந்த ரோட்டுக்கே அவர் பெயர்தான். அதைத் தாண்டினால் டோல் முடிந்துவிடும். இந்தப் பகுதியில் தூங்கலாம், ஒன்றும் இழப்பில்லை.

88 போய் 80-இல் சேரும், கொஞ்ச நேரத்தில் மிசிசிப்பி ஆறு. அந்தப் பாலத்தில் மட்டும் கண்ணைத் திறந்து வை. பாலம் இறங்கினால் அயோவா, அங்கே மைல் எண் 306. மைல் கணக்கு ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி, மேற்கு எல்லையிலோ தெற்கு எல்லையிலோதான் பூஜ்யம் ஆரம்பிக்கும். நாம் கிழக்கே நுழைவதால் நமக்கு இறங்குமுகம். ரோட்டை விட்டு இறங்குகிற வழிக்கு எக்ஸிட் என்று பெயர், அதற்கும் அதே எண்தான். வால்காட் 284, வெஸ்ட் பிராஞ்ச் 254, அமானா 225, கிரின்னல் 182, நியூட்டன் 164, கடைசியில் டெமாயின் வாசலில் 35-ஐப் பிடிக்கிற இடம் 137. 306-இல் 137 போனால் மிச்சம் 169 மைல், யாரையும் கேட்க வேண்டாம். 35-இல் வடக்கே திரும்பியதும் எண் 87-இல் ஆரம்பித்து ஏற ஆரம்பிக்கும். ஏம்ஸுக்கு 111-இல் இறங்கணும்.

உன் ஊர் மைல்கல்லில் திண்டுக்கல் இத்தனை, மதுரை இத்தனை என்று போகிற ஊரைச் சொல்லும். இங்கே ஓரத்தில் நிற்கிற சின்னப் பச்சைத் தகடு நீ நிற்கிற இடத்தை மட்டும் சொல்லும். அது எதற்கு என்று எனக்கு முதலில் புரியவில்லை. ஒரு பிப்ரவரி மாத ராத்திரி, பக்கவாட்டில் பனி அடிக்க, பின் டயர் வெடித்துவிட்டது. அவசர உதவி எண் 911-இல் பேசிய அம்மா ஊர் பெயர் கேட்கவில்லை. எந்த ரோடு, எந்தப் பக்கம் போகிறாய், கடைசியாகப் பார்த்த எண் என்ன, அவ்வளவுதான். 80, மேற்கு, 211 என்றேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் சிவப்பு நீல விளக்கோடு போலீஸ்காரர் வந்து நின்றுவிட்டார். இப்போது என் மகளும் எங்கே வருகிறீர்கள் என்று கேட்பதில்லை, எந்த நம்பர் என்றுதான் கேட்பாள். அவள் அம்மா போனில் 164 என்றால் அங்கே குக்கர் அடுப்பில் ஏறும்.

பலகைகளைப் பற்றிச் சொல்லணும். 70 மைல் வேகத்தில் நொடிக்கு நூறு அடி ஓடுகிறோம். எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமில்லை. அதனால் ஒரு எக்ஸிட்டை ரெண்டு மைலுக்கு முன்போ ஒரு மைலுக்கு முன்போ சொல்லி, பிரிகிற இடத்தில் மறுபடி சொல்வார்கள். பெரிய பச்சைப் பலகையின் தலையில் எக்ஸிட் எண் போட்டு ஒரு குட்டிப் பலகை ஒட்டியிருக்கும். அது வலது ஓரத்தில் இருந்தால் வலப்பக்கம் பிரியும், இடது ஓரத்தில் இருந்தால் இடப்பக்கம். படிக்கத் தெரியாதவனுக்கும் கை காட்டுகிற வேலை அது. மஞ்சள் பட்டை இருந்தால் அந்த லேன் வெளியேதான் போகும், நேரே போகணும் என்றால் உடனே மாறிவிடு. ஊர் தவறிப்போனால் பதறாதே, அடுத்த எக்ஸிட்டில் இறங்கித் திரும்பி வரலாம். நடுவில் புல்வெளியைத் தாண்ட வழி மாதிரி ஒன்று தெரியும், அது போலீஸுக்கும் ரோடு வேலைக்காரர்களுக்கும் மட்டும்.

நீலப் பலகையில் பெட்ரோல், சாப்பாடு, தங்கும் இடம். ஒரு பலகைக்கு ஆறு கடைச் சின்னம். காசு கட்டினால்தான் இடம் என்பதால் ஊருக்குள் ஒரு பாட்டி பழம் வைத்துச் சுடும் நல்ல ‘பை’ பலகாரக் கடை அதில் வராது, எல்லா எக்ஸிட்டிலும் அதே பர்கர், அதே காபி. எனக்குப் பிடித்தது பழுப்புப் பலகை. நின்று பார்க்க ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். 254-இல் அப்படி ஒன்றைப் பார்த்து ஒருநாள் சும்மா இறங்கினோம். ஹூவர் பிறந்த வீடு. 1929-இல் பங்குச்சந்தை கவிழ்ந்தபோது ஜனாதிபதியாக இருந்து இன்று வரை திட்டு வாங்குகிறாரே, அவர்தான். ரெண்டே அறை, வெள்ளைப் பலகை வீடு. அப்பா கொல்லர். அதே வளாகத்தில் கொஞ்சம் தள்ளி ஒரு மேட்டில் அவரும் மனைவியும் புதைக்கப்பட்டிருக்கிறார்கள், ஆளுக்கொரு வெள்ளைக் கல். லாரிச் சத்தம் அங்கேயும் கேட்கிறது. நீ வரும்போது கட்டாயம் நிறுத்துகிறேன், அரை மணி போதும்.

சாப்பாட்டுக்கு 284, வால்காட். உலகத்திலேயே பெரிய லாரி நிறுத்தம் என்று எழுதிப் போட்டிருப்பார்கள். 1964-லிருந்து இருக்கிறது. உள்ளே டிரைவர்களுக்குக் குளியலறை, சலவை, முடிவெட்டும் கடை, பல் டாக்டர், சினிமா ஹால் வரை உண்டு. பழைய லாரிகளுக்கு ஒரு மியூசியமே வைத்திருக்கிறார்கள். காபி வரிசையில் எனக்கு முன்னால் ஒரு சர்தார்ஜி, தோளில் துண்டு, கையில் சோப்பு டப்பா, குளித்த ஈரம் தாடியில். என்னைப் பார்த்து “மதராஸா?” என்றார். ஜலந்தர் பக்கமாம். கலிஃபோர்னியாவிலிருந்து நியூஜெர்ஸிக்கு லோடு. 80-இல் ஏறினால் 80-லேயே இறங்குகிறேன், நடுவில் டீசலுக்கும் குளியலுக்கும் மட்டும் நிற்பேன், ரொட்டி வீட்டிலிருந்தே வருகிறது என்றார். இத்தனை மாநிலத்தைத் தாண்டுகிற ஆள், ஒரு ஊரையும் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில் அவரோடு பேசியதுதான் இந்த ரோட்டில் நான் பேசிய மிக நீளமான பேச்சு.

அதுதான் இந்த ரோட்டில் எனக்கு உள்ள மனத்தாங்கல். நீ ஒவ்வொரு டீக்கடையிலும் கண்ணாடியை இறக்கி “அண்ணே, பழனிக்கு இப்படிப் போகலாமா?” என்று கேட்பாய், வழி தெரிந்தாலும் கேட்பாய். கேட்ட ஆளோடு மழை, தக்காளி விலை எல்லாம் பேசிவிட்டுத்தான் வண்டியை எடுப்பாய். உனக்கு இங்கே வேலையே இல்லை. ராத்திரியில், மழையில், இதற்கு முன் வந்தே இராத ஒருவன் யாரையும் கேட்காமல் போய்ச் சேர வேண்டும் என்று திட்டம் போட்டுப் போட்ட ரோடு. அந்தத் திட்டத்தை நான் மதிக்கிறேன், அந்த பிப்ரவரி ராத்திரிக்கு அப்புறம் ரொம்பவே. ஆனால் அதற்கு விலை உண்டு.

விலைக்கு முன்னால் அந்தத் திட்டம் வந்த கதை. 1919-இல் அமெரிக்க ராணுவம் வாஷிங்டனிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு லாரி அணிவகுப்பு ஒன்று நடத்தியது. சேறும் உடைந்த பாலமுமாக 62 நாள் ஆனது. அதில் போன இளம் அதிகாரிகளில் ஒருவர் ஐசன்ஹோவர். அப்புறம் உலகப் போரில் ஜெர்மனியின் அகல ரோடுகளைப் பார்த்தார். அவர் ஜனாதிபதி ஆனபின் 1956-இல் இந்த இன்டர்ஸ்டேட் ரோடுகளுக்குச் சட்டம் போட்டு, செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசே ஏற்றது. அந்த அணிவகுப்பு அயோவா வழியாகவும் போனது, லிங்கன் ஹைவே என்ற பழைய ரோட்டில். 111-இல் இறங்கி நாம் ஏறும் 30-ஆம் எண் ரோடுதான் இன்றைக்கு அதன் வாரிசு. (போர் வந்தால் விமானம் இறங்க ஐந்து மைலுக்கு ஒரு மைல் நேராகப் போட்டிருக்கிறார்கள் என்று தம்பியிடம் யாராவது சொல்வார்கள். கட்டுக்கதை. அப்படி ஒரு விதியும் இல்லை.)

விலை என்றேனே, ஒருநாள் விபத்தால் 80-ஐ மூடிவிட்டார்கள், பழைய 6-ஆம் எண் ரோட்டில் திருப்பிவிட்டார்கள். லடோரா, விக்டர், புரூக்ளின் என்று ஊர் ஊராகப் போனோம். புரூக்ளினில் கொடிக்கம்பங்களாக நட்டு வைத்திருக்கிறார்கள், அழகுதான். ஆனால் மெயின் தெருவில் பாதிக் கடைக்குக் கதவு சாத்திக் கிடந்தது. ஒரு காலத்தில் அந்தப் பக்கம் போன கார் எல்லாம் அந்தத் தெருவில்தான் நின்று போயிருக்கும். ரோடு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், பெரிய பண்ணைகள் சின்னப் பண்ணைகளை வாங்கியதும் சேர்ந்துதான். ஆனாலும் 80-இல் போகிறவனுக்கு விக்டர் என்பது ஒரு பலகை, அரை நொடி. உன் பக்கம் நாலுவழிச்சாலை வந்தபின் ஓரத்து டீக்கடைகள் என்ன ஆயின என்று நீயே எழுதியிருந்தாயே, அதைப் படித்தபோது லடோராதான் ஞாபகம் வந்தது.

குளிர்காலத்தைப் பற்றித் தங்கச்சியிடம் அதிகம் பேசாதே. ஆகஸ்ட் வெயிலில் போகும்போதே பாலத்தில் பனி உறையும் என்று மஞ்சள் பலகை கண்ணில் படும், அப்போது ஏதாவது பேச்சை மாற்று. தம்பி ஏம்ஸுக்குள் பஸ்ஸிலேயே போகலாம், முதல் வருஷம் கார் வேண்டவே வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

அப்புறம் நடைமுறை விஷயம். குக்கரும் தோசைக்கல்லும் கொண்டு வாருங்கள், பருப்பும் அரிசியும் இங்கே கிடைக்கும், அதற்குப் பெட்டியை வீணாக்காதே. டெமாயினில் ஆகஸ்டில் மாநிலக் கண்காட்சி நடக்கும், வெண்ணெயில் பசு செய்து வைப்பார்கள், தேதி ஒத்துவந்தால் போகலாம். உன் லைசென்ஸோடு இன்டர்நேஷனல் பெர்மிட்டும் எடுத்துவிடு. என் இன்சூரன்ஸில் உன்னை ஓட்ட விடுவார்களா என்று கேட்டு வைக்கிறேன். சரி என்றால் கிரின்னலிலிருந்து நியூட்டன் வரை நீ ஓட்டு, அந்த 18 மைலில் கூட்டம் இருக்காது.

டிக்கெட் போட்டதும் நேரத்தைச் சொல். மதியம் ஒரு மணிக்குள் இறங்குகிற மாதிரி பார். ராத்திரி இறங்கினால் அன்றைக்கு எங்கள் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் காலையில் கிளம்புவோம்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்