செயலாளரின் ஆண்டறிக்கை 2025–26: விளம்பரச் செலவு வியாபாரமாகத் திரும்பியதா?

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் கும்பகோணம் கடைத்தெரு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. பண்டிகை நாள்களில் வண்டி நிறுத்தம் பற்றி மாநகராட்சியிடம் கொடுத்த மனுவின் நகல் கோப்பில் இருக்கிறது, வேண்டியவர்கள் பார்க்கலாம். நான் விரிவாகச் சொல்ல நினைப்பது வேறு. விளம்பரத்துக்குப் போடும் பணம் வியாபாரமாகத் திரும்புகிறதா என்று ஜவுளி, பாத்திரக்கடை உறுப்பினர்கள் இந்த ஆண்டு ஒன்றாக உட்கார்ந்து பார்த்தார்கள். சங்கம் செய்த வேலைகளில் இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்.

எதை எதோடு ஒப்பிடுவது என்பதிலேயே முதல் சிக்கல் வந்தது. தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. அப்படியிருக்க, அக்டோபர் விற்பனையை அக்டோபர் விற்பனையோடு வைத்துப் பார்த்து "விளம்பரம் பலித்தது" என்றோ "வீண்" என்றோ எப்படிச் சொல்வது? ஆடித் தள்ளுபடியும் அப்படித்தான். ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடிவதால் ஆங்கில மாதக் கணக்கில் இரண்டாக உடைந்துவிடும். அதனால் தீபாவளிக்கு முந்தைய 30 நாளைப் போன ஆண்டுத் தீபாவளிக்கு முந்தைய 30 நாளோடும், ஆடியை ஆடியோடும் ஒப்பிடுவது என்று முடிவு செய்தோம். கல்யாணச் சீர் வியாபாரம் செய்கிறவர்கள் முகூர்த்த நாள்களின் எண்ணிக்கையையும் பக்கத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். முகூர்த்தம் குறைந்த ஆண்டில் விற்பனை குறைந்தால் அது நோட்டீஸின் குற்றம் இல்லை.

போன தீபாவளிக்கு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2025 செப்டம்பர் 22 முதல், 1,000 ரூபாய்க்கு மேல் 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைகளுக்கு ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. அந்த விலை ரகத்தில் கூடிய விற்பனை முழுவதையும் விளம்பரத்தின் கணக்கில் எழுதுவது சரியில்லை.

தள்ளுபடியைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். 100 ரூபாய்க்கு விற்கும் பொருளில் 20 ரூபாய் லாபம் என்று வையுங்கள். 10 விழுக்காடு தள்ளுபடி கொடுத்தால் கையில் நிற்பது 10 ரூபாய். பழைய லாபத்தை எடுக்கவே இரண்டு மடங்கு விற்றாக வேண்டும், நோட்டீஸ் அடித்த கூலி, ஆட்டோ ஒலிபெருக்கி வாடகை எல்லாம் அதற்கு மேல். கடையில் கூட்டம் நெரிவதைப் பார்த்தால் மனசு நிறைகிறது, உண்மைதான். ஆனால் ஆடி முடிந்ததும் கணக்கைப் பார்க்காமல் அடுத்த ஆண்டும் அதே தள்ளுபடியை அறிவிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வாடிக்கையாளர் எப்படி வந்தார் என்று தெரிந்துகொள்ளப் பெரிய ஏற்பாடு ஒன்றும் தேவையில்லை. பில் போடும்போது "எப்படிங்க தெரிஞ்சு வந்தீங்க?" என்று கேட்டு நோட்டில் ஒரு கோடு போட்டால் போதும். பேப்பருக்குள் வைத்து அனுப்பும் நோட்டீஸை ஏரியாவுக்கு ஒரு நிறமாக அடித்து, கொண்டுவருபவருக்குச் சின்னப் பரிசு கொடுத்தால் எந்தப் பக்கத்திலிருந்து ஆள் வருகிறது என்று தெரிந்துவிடும். கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்தவர்கள், எத்தனை பேர் அங்கிருந்து போன் செய்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்று இலவசமாகவே பார்க்கலாம். அப்புறம் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட், அதாவது ஒரே செய்தியைப் பலருக்கு ஒரே தடவையில் அனுப்புவது. நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். ஆகவே பில் கொடுக்கும்போதே "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க" என்று சொல்லப் பணியாளர்களைப் பழக்குங்கள்.

வரும் ஆடி முதல் நாளிலிருந்து எல்லா உறுப்பினர் கடைகளிலும் இந்த நோட்டு வைக்கப்பட வேண்டும் என்றும், ஆவணி மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் அதைக் கொண்டுவர வேண்டும் என்றும் தீர்மானம் முன்மொழிகிறேன். விற்பனைத் தொகையை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை, கோடுகளின் எண்ணிக்கை போதும். வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.

நன்றி.
செயலாளர்