ஜெபம் வராத நாட்களுக்கு: ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒரு கடிதம்

ஸ்டுட்கார்ட், ஜெர்மனி,
ஜனவரி

அன்புள்ள அம்மிணிக்கு,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துக்கள். அப்பாருக்கும் ஆத்தாளுக்கும் என் தோத்திரம் சொல்லு. ஜெபத்தில் உட்கார்ந்தால் ஒண்ணுமே வரமாட்டேங்குது, விசுவாசமே போச்சோன்னு பயமா இருக்கு என்று எழுதியிருந்தாய். படிக்க இங்கே வந்தால் மிச்சம் மீதியும் போய்விடுமோ என்று ஆத்தாளுக்கு வெசனம். ரெண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் இங்கத்து நிலவரம். இந்த மாசத்தில் எட்டு மணிக்கு மேல்தான் விடியும்; ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது. ஆலயத்தில் ஆர்கன் அருமையாக வாசிப்பார்கள், ஆனால் ஆராதனை முடிந்ததும் கைகொடுத்துவிட்டு அவரவர் வீட்டைப் பார்த்துப் போய்விடுவார்கள். ஈரோடு பிரப் சர்ச் வாசலில் நின்று ஊர்க்கதை பேசுவது போல இங்கே எதிர்பார்க்காதே. நம்மூர் ஆராதனையைப் போனில் பார்க்கலாம் என்றால், காலை எட்டரை ஆராதனை குளிர்காலத்தில் இங்கே விடிகாலை நான்கு மணி. பாடகர் குழு, வாலிபர் கூட்டம், "போன வாரம் ஏன் காணோம்?" என்று அதட்டுகிற கிழவி எல்லாம் ஊரோடு நின்றுபோகும். அதனால் அங்கே இருக்கிற ஜெப வறட்சி இங்கே குறையும் என்று நினைக்காதே, கூடத்தான் செய்யும். வருவதற்கு முன்னாலேயே அதைக் கையாளத் தெரிந்துகொள்.

எல்லா வறட்சியும் ஒன்றல்ல. முதலில் உடம்பைப் பார். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் எலியா சூரைச்செடியின் கீழே சாவைக் கேட்டுப் படுக்கிறான். தூதன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டு, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டு, மறுபடி சாப்பிடச் சொல்கிறான். கேள்வி எல்லாம் பிறகுதான். ராத்திரி ரெண்டு மணி வரை படித்துவிட்டு ஐந்து மணிக்கு ஜெபிக்க உட்கார்ந்தால் வருவது தூக்கம். அதற்கு ஆவிக்குரிய பெயர் வைக்காதே. ஜெபத்தில் மட்டுமல்லாமல் சாப்பாடு, சிநேகிதர், படிப்பு எதிலுமே பிடிப்பில்லாமல் ரெண்டு வாரத்துக்கு மேல் போனால் டாக்டரைப் பார். டெலி மனஸ் என்ற அரசாங்க மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம். விசுவாசக் குறைவு என்று சொல்லி யாராவது தடுத்தால் கேட்காதே.

உடம்பு சரியாக இருந்தும் வறட்சி என்றால், 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் வாழ்ந்த துறவி சிலுவையின் யோவான் சொன்ன மூன்று அடையாளங்களை வைத்துப் பார். தேவ காரியங்களிலும் ருசியில்லை, உலக காரியங்களிலும் ருசியில்லை என்பது ஒன்று. "தேவனுக்கு ஊழியம் செய்யாமல் பின்வாங்குகிறேனே" என்ற வேதனை இருந்துகொண்டே இருப்பது ரெண்டு. முன்போல வசனத்தைக் கற்பனையில் விரித்துத் தியானிக்க முடியாமல் போவது மூன்று. மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். முதலாவது மட்டும் இருந்தால் அது மனச்சோர்வாகவும் இருக்கலாம் என்று அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். ஜெபத்தில் ருசியில்லை, ஆனால் செல்போனில் ருசி குறையவில்லை என்றால் அது வெறும் அசட்டை. அதற்கு மருந்து உனக்கே தெரியும். மூன்றும் இருந்தால், முக்கித் தியானிக்காதே. தேவன் முன்னால் சும்மா இரு. அதுவே போதும் என்கிறார். அவர் கத்தோலிக்கர், நாம் புராட்டஸ்டண்ட் சபையான சி.எஸ்.ஐ. என்று ஒதுக்காதே. கருமத்தம்பட்டி கத்தோலிக்கக் கோயிலுக்குப் போகிற உன் சிநேகிதிக்கும் இதே நாட்கள் வரும்.

அவரோடு வேலை செய்த துறவி அவிலா தெரேசா சொன்னது நம்மூர்க்காரர்களுக்கு இன்னும் சுளுவாகப் புரியும். தோட்டத்துக்கு நாலு விதமாகத் தண்ணீர் வரும் என்கிறார்: கிணற்றிலிருந்து கையால் இறைப்பது, சக்கரம் வைத்து இறைப்பது, ஆற்றிலிருந்து பாய்வது, மழை. ஜெபத்தின் ஆரம்பம் கையால் இறைக்கிற மாதிரி. பாடு ஜாஸ்தி, தண்ணி கொஞ்சம். அப்பாரு மாடு கட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த கதையைக் கேட்டு வளர்ந்த உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதில் கவனிக்க வேண்டியது, அவர் தண்ணீர் என்று சொல்வது கண்ணீரையும் உள்ளத்து உருக்கத்தையும்தான், செடி என்பது உள்ளே வளர்கிற நற்குணங்கள். கிணறு வற்றினாலும் தோட்டக்காரன் தன் வேலையைச் செய்தால், தண்ணீர் இல்லாமலே தேவன் செடியைக் காப்பார் என்கிறார். தெரேசாவே பல வருஷம், ஜெப நேரம் எப்போது முடியும் என்று கடிகாரச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு இருந்தவர். கையில் புத்தகம் இல்லாமல் ஜெபிக்கத் துணியாத காலம் 18 வருஷம்.

இனி செய்முறை. பதினைந்து நிமிஷம், அதே நேரம், அதே நாற்காலி. போனை வேறு அறையில் வை. ரெண்டு நிமிஷம் பேசாமல் இரு. ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசி. மனசுக்குள் வாசித்தால் நாலாவது வசனத்தில் நினைப்பு எங்கோ போய்விடும். பிறகு ஒரு கீர்த்தனையில் ஒரு சரணம், பாட வராவிட்டால் வாசித்தால் போதும். மூன்று பேருடைய பெயரைச் சொல்லி வேண்டு. பரமண்டல ஜெபத்தோடு முடி. சொந்த வார்த்தை வராத நாளில் இரவல் வார்த்தையில் ஜெபிப்பது மாய்மாலம் அல்ல. ஆராதனை முறைமையில் பாவ அறிக்கையை அச்சடித்து வைத்திருப்பதே அதற்காகத்தான். நேரம் முடிந்ததும் எழுந்து ஓடத் தோன்றும். அப்போது இன்னும் ஒரு நிமிஷம் கூட இரு. இது இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் சொல்கிற உபாயம்.

சங்கீதத்தைப் பிடித்ததாகப் பொறுக்காமல் 1இலிருந்து வரிசையாகப் போ. 119க்கு 176 வசனம். அதை மட்டும் எட்டெட்டு வசனமாகப் பிரித்து 22 நாள் வாசி. மொத்தம் 171 நாள் ஆகும். வரிசையாகப் போனால்தான் 88 வரும். துதியில் முடியாத சங்கீதம் அது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள் என்பது வறண்டவர்களுக்குப் பெரிய ஆறுதல். பொறுக்கி வாசிக்கிறவர்கள் 23, 91, 121 என்று மூன்றிலேயே சுற்றுவார்கள்.

கெட்டுப்போவது எங்கே என்றும் சொல்லிவிடுகிறேன். குற்ற உணர்ச்சியில் ஒரே நாளில் ஒரு மணி நேரம் என்று ஏற்றுவார்கள். ஒரு வாரத்தில் எல்லாமே நின்றுபோகும். ஜெபத்துக்குப் பதிலாக யூடியூப் பிரசங்கம் கேட்பார்கள். கேட்பது நல்லதுதான், ஆனால் அது ஜெபம் ஆகாது. கன்வென்ஷனில் அழுத அழுகையை அளவுகோலாக வைத்துக்கொண்டு தினமும் தன்னை அளப்பார்கள். எல்லாவற்றிலும் மோசம், உள்ளே காய்ந்துகிடக்கும்போது மேடையேறிச் சாட்சி சொல்வது. யாராவது கூப்பிட்டால் இந்த மாசம் வேண்டாம் என்று சொல்லிவிடு.

சந்தேகம் வேறு, வறட்சி வேறு. சந்தேகத்தை ஒரே வாக்கியமாகக் காகிதத்தில் எழுது. "எல்லாமே சந்தேகமா இருக்கு" என்பதற்குப் பதில் கிடையாது. உயிர்த்தெழுதல் நடந்ததா என்பது படித்து விசாரிக்க வேண்டிய கேள்வி. 1 கொரிந்தியர் 15இல் தொடங்கு. இந்தச் சாவு ஏன் என்பது புத்தகத்தால் தீராது; யோபுவோடு உட்கார வேண்டும். சபைக்குள்ளேயே சாதி பார்க்கிறார்களே, எலெக்‌ஷனில் அடித்துக்கொள்கிறார்களே என்பது மூன்றாவது வகை. அதில் உன் கோபம் நியாயம். அது மனுஷர்மேல் உள்ள வழக்கு. மத்தேயு 28:17இல் உயிர்த்த இயேசுவை நேரில் பார்த்தே சிலர் சந்தேகப்பட்டார்கள். தோமா எட்டு நாளும் சந்தேகத்தோடுதான் இருந்தான், ஆனால் மற்ற சீஷர்களோடு அந்த வீட்டுக்குள் இருந்தான். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்ற மாற்கு 9:24ஐ அப்படியே ஜெபமாகச் சொல்லலாம்.

இங்கே வந்தால் ஒன்று. குடியிருப்பைப் பதிய நகராட்சிக்குப் போகும்போது படிவத்தில் மதம் கேட்பார்கள். புராட்டஸ்டண்ட் என்று எழுதினால், வேலைக்குப் போய் வருமான வரி கட்டத் தொடங்கியதும் அந்த வரியில் 8 சதவீதம் சபை வரியாகப் பிடிப்பார்கள். வரி 500 யூரோ என்றால் 40 யூரோ. வேண்டாம் என்றால் பதிவு அலுவலகத்தில் சபையை விட்டு விலகியதாகக் கையெழுத்துப் போட வேண்டும். வறண்ட குளிர்காலத்தில் அந்த 40 யூரோ உறுத்தும். வறட்சியில் இருக்கும்போது முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்பது இஞ்ஞாசியாரின் விதி. சபை மாறுவதானாலும் விலகுவதானாலும் தெளிந்த பிறகு யோசி.

நம்மூரில் வருஷப்பிறப்புக்கு வாக்குத்தத்த வசனம் எடுக்கிறோமே, இங்கே ஹெர்ன்ஹூட் என்ற ஊரின் மொராவிய சபையார் ஒவ்வொரு நாளுக்கும் சீட்டுப் போட்டு எடுத்த பழைய ஏற்பாட்டு வசனத்தை 1731 முதல் புத்தகமாகப் போடுகிறார்கள். வந்ததும் ஒன்று வாங்கித் தருகிறேன். ஜெர்மன் பழகவும் ஆகும்.

அதுவரை சங்கீதத்தைப் போனில் சேர்ந்தே வாசிக்கலாம். உனக்கு ராத்திரி ஒன்பதரை, எனக்கு மாலை ஐந்து. மார்ச் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள். அதிலிருந்து எனக்கு ஆறு மணி, உனக்கு அதே ஒன்பதரைதான். ஒற்றைப்படை வசனம் நீ, இரட்டைப்படை நான். திங்கட்கிழமை 1ஆம் சங்கீதம்.

அன்புடன்,
அண்ணன்