சிக்கிள் செல்லுக்கு முருங்கைக்கீரையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் 19, உலக சிக்கிள் செல் (சிவப்பணு அரிவாள்போல் வளைந்துபோகும் பரம்பரை ரத்தசோகை) தினத்தை ஒட்டி உங்கள் இதழின் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் ஒரு வரி: "முருங்கைக்கீரை, பேரீச்சம்பழத்தோடு இரும்புச்சத்து மாத்திரையும் தொடர்ந்து எடுத்துக்கொண்டால் இந்த ரத்தசோகையிலிருந்து மீளலாம்." படித்ததும் பத்திரிகையை மூடி வைத்துவிட்டேன். மனசு கேட்காமல் மறுபடி எடுத்துப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.

நான் மருத்துவர் இல்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். பந்தலூர் பக்கம் வீடு. என் மகனுக்கு சிக்கிள் செல் நோய். நீங்கள் இரும்பு மாத்திரை சாப்பிடச் சொல்லும் அதே நோய்க்கு, உடம்பில் சேர்ந்துபோன இரும்பை வெளியேற்ற அவன் தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறான். அடிமட்டத்தில் தங்கும் பொடியையும் வீணாக்காமல் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக் குடிக்க வேண்டும். அவனுக்கு ஏற்றும் ஒவ்வொரு பை ரத்தத்திலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. அதைத் தானாக வெளியே தள்ள உடம்பில் வழி கிடையாது. அது ஈரலிலும் இதயத்திலும் போய்ப் படிகிறது. இவனுக்கா இரும்பு மாத்திரை? பரிசோதனையில் இரும்பு குறைவு என்று உறுதியானால் மருத்துவர் பார்த்துக் கொடுப்பார், அது வேறு விஷயம். ஊருக்கே பொதுவாக எழுதுவது எப்படிச் சரியாகும்?

உங்களுக்குத் தெரியாததல்ல. நம் சிவப்பணு 120 நாள் வாழும். சிக்கிள் செல் நோயாளியின் சிவப்பணு வளைந்து, விறைத்து, 10, 20 நாளிலேயே போய்விடுகிறது. அதில் ஒரு பங்கு ஓடும் ரத்தத்திலேயே உடைகிறது. உடைந்தால் உள்ளே இருக்கும் ஹீமோகுளோபின் வெளியே கொட்டும். அதற்குள் ஹீம், ஹீமின் நடுவில் இரும்பு. அணுவுக்குள் இருக்கும்வரை மூச்சுக்காற்றைச் சுமக்கிற பொருள்தான். வெளியே சிந்திவிட்டால் அதுவே ரத்தக்குழாயின் உட்சுவரைச் சுட்டுப் புண்ணாக்குகிறது.

இப்படிச் சிந்துவதை அள்ள ரத்தத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள். ஹாப்டோகுளோபின் என்ற புரதம் சிந்திய ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். மண்ணீரலிலும் ஈரலிலும் இருக்கும் விழுங்கு அணுக்கள் இரண்டையும் சேர்த்தே விழுங்கிவிடும். அதையும் மீறித் தனியாகப் பிரிந்த ஹீமை ஹீமோபெக்சின் என்ற இன்னொரு புரதம் பற்றி ஈரலுக்குக் கொண்டுபோகும். கல்யாணப் பந்தியில் இலை எடுக்கிறவர்களைப் போன்றவர்கள் இவர்கள். பந்தி ஓயாமல் நடந்து, இலையை எடுத்துப் போனவரும் திரும்பி வராவிட்டால் கூடம் என்ன ஆகும்? ஹாப்டோகுளோபின் அப்படித் திரும்பாத ஆள். ஈரல் புதிதாகச் செய்து அனுப்புவதற்குள் இங்கே தீர்ந்துபோகிறது. என் மகனின் ரத்தத்தை ஒருமுறை கோயம்புத்தூருக்கு அனுப்பிப் பார்த்தபோது, கருவி அளக்கக்கூடிய அளவுக்கும் கீழே என்று ரிப்போர்ட் வந்தது. எத்தனையோ பேருடைய ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தத் தாளைப் பார்த்தபோது கை நடுங்கிவிட்டது.

அள்ள ஆளில்லாத ஹீம் என்ன செய்யும்? கிருமி வந்தால் மணி அடிப்பதற்காக ரத்தக்குழாய்ச் சுவரில் டிஎல்ஆர்-4 என்று ஒன்று இருக்கிறது. ஹீம் போய் அதையே தட்டுகிறது. கிருமியே இல்லாமல் உடம்பு சண்டைக்குத் தயாராகிறது. அழற்சி என்பது இதைத்தான். குழாய்ச் சுவர் பசைபோல் ஒட்டத் தொடங்கும், வெள்ளையணுவும் சிவப்பணுவும் அதில் போய் ஒட்டும், அடைப்பு விழும். 2014இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை எலிகளில் காட்டினார்கள். ஹீமோபெக்சின் கொடுத்த எலிகளில் அந்த அடைப்பு தடுக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2010இல், போர்ச்சுகலின் குல்பென்கியன் ஆய்வு நிறுவனத்தார் ரத்தத்தில் கிருமி பரவிய எலிகளுக்கு ஹீமோபெக்சின் கொடுத்து உயிரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அப்படிக் கிருமி பரவி அதிர்ச்சி நிலைக்குப் போய் இறந்த மனிதர்களின் ரத்தத்தில் இந்தப் புரதம் குறைந்திருந்ததையும் பார்த்தார்கள். ஆக, அழற்சி முற்றாமல் காக்கிற வேலை இந்தப் புரதங்களுடையது. எலிக்குப் பலித்ததெல்லாம் நாளைக்கே ஊசியாக வந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஜப்பானில் ஹாப்டோகுளோபினை ரத்தத்திலிருந்து பிரித்து 1985 முதலே மருந்தாகப் பயன்படுத்துகிறார்கள். தீக்காயத்திலும் அறுவை சிகிச்சையிலும் சிவப்பணு உடையும்போது சிறுநீரகத்தைக் காக்க அதை ஏற்றுகிறார்கள். உங்கள் கட்டுரையில் அழற்சி என்ற சொல்லே இல்லை. "ரத்தம் குறைவதால் உடல்வலி" என்று முடித்துவிட்டீர்கள்.

அது உடல்வலி இல்லை ஐயா. மார்கழிக் குளிரில் நடு இரவில் என் மகன் தொடை எலும்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் தலையை முட்டுவான். அந்த நிலையில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், "போன வாரம்தானே வந்தான், ஊசிக்குப் பழகிட்டானா?" என்று அவன் காதுபடக் கேட்டார்கள். பள்ளியில் பி.டி. வகுப்பில் ஓட முடியாமல் உட்கார்ந்ததற்கு, சோம்பேறி என்று வெயிலில் நிறுத்தினார்கள். வலியைவிட அந்தப் பேச்சுதான் அவனை அதிகம் அழ வைத்தது. கண் மஞ்சளாக இருக்கிறதென்று உறவுக்காரர்கள் ஆளாளுக்குக் கீழாநெல்லியை அரைத்துக் கொண்டுவந்தார்கள். உடைந்த ஹீமை உடம்பு சிதைக்கும்போது வரும் மஞ்சள் அது. அவனுக்குக் கண் மஞ்சளாக இல்லாத நாளே குறைவு. இதை எத்தனை பேரிடம் சொல்லிப் புரியவைப்பது? சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பது நீங்கள் இல்லையா?

இன்னொரு வரியும் முள்ளாய்க் குத்துகிறது. "பழங்குடி மக்களிடம் விழிப்புணர்வு இல்லாததே இந்நோய்க்குக் காரணம்." நாங்கள் முள்ளுக்குறும்பர் என்ற பழங்குடியினர். எங்களிடம் இருக்கிறது, பணியரிடம் இருக்கிறது, இருளரிடம் இருக்கிறது, பழங்குடிப் பட்டியலில் இல்லாத வயநாடன் செட்டிகளிடமும் இருக்கிறது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்தால் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் நோய் வராது, மலேரியாவின் கடுமை குறையும். காய்ச்சல் ஊரையே வாரிக்கொண்டு போன காடுகளில் எங்கள் முன்னோர் பிழைத்துக் கிடந்ததற்கு இந்த மரபணுவும் ஒரு காரணம். அதை எங்கள் அறியாமை என்று எழுதுகிறீர்கள். இந்தியாவில் சிக்கிள் செல் இருப்பதாக முதன்முதலில் எழுதப்பட்ட ஆண்டு 1952. லேமன், கட்புஷ் என்ற இருவர் இதே நீலகிரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் எழுதினார்கள். அன்றைக்கே ரத்தம் கொடுத்தவர்கள் நாங்கள். இந்த நோயை ஒழிப்பதை அரசாங்கம் தேசிய இயக்கமாக எடுத்துக்கொண்டது 2023 ஜூலையில். நடுவில் போன எழுபது வருடத்துக்கு யாருடைய விழிப்புணர்வைக் குறை சொல்வது?

சிக்கிள் செல் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை என் கையாலேயே செய்திருக்கிறேன். குழாயில் மருந்தும் சில துளி ரத்தமும் விட்டுக் கொஞ்ச நேரம் வைத்து, பின்னால் கறுப்புக் கோடு போட்ட தாளைப் பிடிக்க வேண்டும். கோடு தெரிந்தால் நிம்மதி. கலங்கி மறைந்தால் சிக்கிள் செல் மரபணு இருக்கிறது என்று அர்த்தம். நோயா, ஒருவரிடமிருந்து மட்டும் மரபணு வந்த வெறும் கடத்தியா என்று பிறகு வேறு சோதனையில் பார்ப்பார்கள். என் மகனின் குழாயில் கோடு தெரியவில்லை. ரிசல்ட் நோட்டில் அவன் பெயருக்கு நேரே நானேதான் எழுதினேன்.

இதற்கு முன்பும் உங்கள் இதழில் "மலைவாழ் மக்களின் மர்ம நோய்" என்று தலைப்பிட்டபோது கடிதம் போட்டேன். பதில் இல்லை. கட்டுரையோடு யாரோ ஒரு தேயிலை பறிக்கும் பெண்ணின் படம். அவருக்கு இந்த நோய் இருக்கிறதா, படம் போடச் சம்மதம் கேட்டீர்களா என்று கேட்டிருந்தேன். அதற்கும் பதில் இல்லை. அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் வாங்கும் பத்திரிகை உங்களுடையது. அதனால்தான் இவ்வளவு வருத்தம்.

நான் கேட்பது ஒன்றும் பெரிதில்லை. அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் ஒரு திருத்தம் போடுங்கள். சிக்கிள் செல் நோயாளிகள் மருத்துவர் சொல்லாமல் இரும்பு மாத்திரை எடுக்கக் கூடாது என்று ஒரே வாக்கியம் போதும். இடம் இருந்தால் ஹைட்ராக்ஸியூரியா, ஃபோலிக் ஆசிட் மாத்திரைகளை மருத்துவர் சொன்னபடி விடாமல் எடுக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், குளிரில் உடம்பை மூடிக்கொள்ள வேண்டும் என்பதையும் சேருங்கள். அதற்கும் இடமில்லை என்றால் உங்கள் இணையப் பக்கத்திலிருந்து அந்த வரியையாவது எடுத்துவிடுங்கள். அதைப் படம் பிடித்து எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். நேற்று பக்கத்து வீட்டுப் பெண் தன் குழந்தைக்கு டானிக் பாட்டில் வாங்கி வந்து, சரிதானே அக்கா என்று என்னிடம் காட்டினாள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பந்தலூர், நீலகிரி மாவட்டம்