வாழைப்பழ வீடியோ போட்ட சேனல்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கங்க. "தினமும் நாலு வாழைப்பழம், குழந்தை மூளைக்கு நேரா செரடோனின்"னு ஒரு வீடியோ போட்டீங்கல்ல, அதைப் பாத்துட்டு ஆறு மாசம் முழுகாம இருக்குற என் தங்கச்சி ஒரு சீப்பு பூவன் பழத்த ரெண்டே நாள்ல முடிக்கிறா, போதும்டின்னா "பாப்பாக்கு சந்தோஷ ஹார்மோன் வேணும்க்கா"ங்கிறா.

பழத்து மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல, அதுல செரடோனின் இருக்குறதும் நெஜந்தான். ஆனா சாப்பிட்டது பெரும்பாலும் குடல்லயும் கல்லீரல்லயுமே உடைஞ்சு போயிடும், மூளைக்கு வேண்டியத மூளையே தயார் பண்ணிக்கும். சாப்பாட்டுப் புரதத்துல இருக்குற டிரிப்டோஃபான்தான் அதுக்கு மூலச்சரக்கு, மூளையில அத செரடோனினா மாத்துற வேலைய ஆரம்பிக்கிற என்சைமுக்கான ஜீன் பேரு டிபிஎச்2. 2003 வரைக்கும் இதுக்கு ஒரே ஒரு ஜீன்தான்னு நெனச்சிட்டு இருந்தாங்க, பெர்லின்ல அந்தப் பழைய ஜீன, அதாவது டிபிஎச்1ஐ, எடுத்துட்டு எலி வளத்தா ரத்தத்துல செரடோனின் கிட்டத்தட்ட காலி, மூளையில மட்டும் ஜம்முனு இருக்கு! அப்படித்தான் இந்த ரெண்டாவது ஜீன், டிபிஎச்2, மாட்டுச்சு.

டிபிஎச்2 இல்லாத எலியும் பொறக்குது, பொழைக்குது, ஆனா வளர்ச்சி மந்தம், பெருசாகி குட்டி போட்டா அந்தக் குட்டிய சரியா பாத்துக்கறதே இல்ல. இன்னொரு ஜீன், பெட்1, அது மூளைத்தண்டுல இருக்குற செல்ல 'நீ செரடோனின் செல்லு'ன்னு ஆக்கி விடுறது, அது இல்லாத எலிக்கு முக்கால்வாசி செல்லு அப்படி மாறவே இல்ல. இதெல்லாம் கரு வளரும்போதே நடக்குற வேலைங்க, பழக்கடையில கிடைக்காது.

உங்க பக்கமும் ஒண்ணு சொல்லணும்ல. எலியில, கருவோட ஆரம்ப கட்டத்துல, நஞ்சுக்கொடி அம்மா ரத்தத்துல இருக்குற டிரிப்டோஃபான எடுத்து செரடோனின் செஞ்சு குட்டியோட முன்மூளைக்கு அனுப்புதுன்னு 2011ல கண்டுபிடிச்சாங்க. ஆனா அந்த டிரிப்டோஃபான் வாழைப்பழத்த விட பருப்பு, முட்டை, பால்லதான் நெறைய, தங்கச்சி இப்ப வயிறு நெறைஞ்சிருச்சுன்னு அந்த முட்டையத்தான் ஒதுக்குறா.

எனக்கு வயிறு எரிஞ்சது வேற எடத்துல. அந்த வீடியோக்குக் கீழ ஒரு அம்மா "என் பையன் மூணு வயசாகியும் பேசல, நான் அப்ப பழம் சாப்பிடலையே, அதனாலயா"ன்னு கேட்டிருந்தாங்க. நீங்க அதுக்கு ஒரு ஹார்ட் போட்டுட்டுப் போயிட்டீங்க. வீடியோவ தூக்குறதும் வச்சிக்கிறதும் உங்க இஷ்டம், மொதல்ல அந்த அம்மாக்கு "இல்லம்மா, அதனால இல்ல, பையன ஒரு டாக்டர்ட்ட காட்டுங்க"ன்னு ஒரு வரி எழுதுங்க.